அறிமுகம் என்பது ஓர் அமானிதம்

(ஜமாஅத் கல்வி, வேலைவாய்ப்பு வழிகாட்டுக் குழுவின் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

"படித்த படிப்பையே முதலாகக் கொண்டு சொந்த ஊரிலேயே ஒரு தொழிலை நடத்த இயலுமா?" என்னும் கேள்விக்கு விடை கூறுமாறு குழுவினர் எங்களைப் பணித்துள்ளனர். நாங்கள் இருவர். ஒருவர் தோல் தொழில்நுட்பம் பயின்றவர். மற்றவர் வணிகவியல் பயின்று, வளைகுடா நாடொன்றில் கணக்குப் பிரிவில் சில காலம் பணியாற்றித் திரும்பியவர். 2014ஆம் ஆண்டு ஆம்பூரில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து, தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்கும் தோல்பொருள் செய்யும் சிறு கூடங்களுக்கும் ஆலோசனை கூறும் அலுவலகம் ஒன்றைத் தொடங்கினோம். இன்றும் அதனை நடத்தி வருகின்றோம். இருவர் சார்பாகவும் அமைந்த உரை இது. எங்கள் வெற்றியைப் பறைசாற்ற நாங்கள் வரவில்லை. எங்கே இடறினோம் என்பதைச் சொன்னால், பின்னால் வருபவர்கள் அவ்விடத்தில் பார்த்து நடப்பார்கள் என்ற எண்ணமே எங்களை இங்கு நிறுத்தியிருக்கின்றது.

ஆலோசனைத் தொழிலின் அடிப்படை

ஆலோசனைத் தொழில் என்றவுடன் பெருநகரத்துக் கண்ணாடி மாளிகைகள் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. அதன் தொடக்கம் அவ்வாறு இருக்கவில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1886ஆம் ஆண்டு ஆர்தர் டி. லிட்டில் என்னும் வேதியியலாளர், கூட்டாளி ஒருவருடன் சேர்ந்து ஒரு சிறு ஆய்வுக்கூடத்தைத் திறந்தார். ஆலைக்காரர்கள் கொண்டு வந்த வேதியியல் சிக்கல்களுக்கு விடை காண்பதே அவர்களது வேலை. சிகாகோவில் 1926இல் மெக்கின்சி நிறுவனத்தைத் தொடங்கியவர் கணக்கியல் கற்பித்த ஒரு பேராசிரியர். இருவரும் தமக்கு நன்கு தெரிந்த ஒரு துறையை வைத்தே தொடங்கினர்.

நமது பாலாற்றுப் பகுதியில் இத்தொழிலுக்கு இடம் ஏற்பட்டதற்குக் காரணம் உண்டு. தோல் தொழிற்சாலைக் கழிவுகள் பற்றிய வழக்கில் 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கிற்று. மாசுபடுத்தியவரே அதற்குரிய செலவை ஏற்க வேண்டும் என்னும் நெறி அதில் வலியுறுத்தப்பட்டது. அதுமுதல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஒவ்வொரு தொழிற்சாலையின் அன்றாடக் கவலையாயிற்று. 2015ஆம் ஆண்டு மே முதல் நாளிலிருந்து, உடலின் தோலில் படும் தோல்பொருள்களில் ஆறாம் இணைதிறன் குரோமியம், அதாவது நம்மவர்கள் 'குரோம் சிக்ஸ்' என்று சொல்லும் பொருள், கிலோவுக்கு 3 மில்லிகிராம் அளவை எட்டினால் அவற்றை விற்கலாகாது என்னும் விதியை ஐரோப்பிய ஒன்றியம் நடைமுறைப்படுத்திற்று. 2017 ஜூலை முதல் நாள் ஜி.எஸ்.டி. வந்தது. பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வல்லுநரைச் சம்பளத்திற்கு வைத்துக்கொள்கின்றன. இருபது பேர் வேலை செய்யும் கூடத்திற்கு அது இயலாது. ஆனால் அத்தகைய பத்துக் கூடங்கள் சேர்ந்து ஒரு வல்லுநரின் காலத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். எங்கள் பிழைப்பின் கணக்கு இவ்வளவே.

வேலை வராத ஐந்து மாதங்கள்

தேவை இருக்கின்றது, எங்களிடம் அறிவும் இருக்கின்றது, ஆகவே வேலை தானாக வரும் என்று நம்பினோம். ஆயிரம் விசிட்டிங் கார்டுகள் அச்சடித்தோம். வாணியம்பாடி முதல் இராணிப்பேட்டை வரை வாயில் வாயிலாக ஏறி இறங்கினோம். அனைவரும் தேநீர் கொடுத்தனர். கார்டை வாங்கி மேசைக் கண்ணாடியின் அடியில் வைத்தனர். ஐந்து மாதங்கள் வரை ஒருவரும் அழைக்கவில்லை. வாடகைக்காக எங்களில் ஒருவர் தம் மனைவியின் வளையலை அடகு வைத்தார்.

காரணம் பின்னர்தான் விளங்கிற்று. துணி வாங்குபவர் அதைத் தொட்டுப் பார்க்கின்றார். பழம் வாங்குபவர் முகர்ந்து பார்க்கின்றார். ஆலோசனையைத் தொட்டுப் பார்க்கவும் முகரவும் வழியில்லை. அது நல்லதா, கெட்டதா என்பது பணம் கொடுத்து, அதன்படி நடந்து, சில மாதங்கள் கழிந்த பின்னரே தெரிய வரும். மேலும், ஆலோசகனிடம் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்ட வேண்டும். பதனிடும் சரக்கின் பக்குவத்தைச் சொல்ல வேண்டும். முன்பின் தெரியாதவனிடம் யார் அவற்றைச் சொல்வார்கள்? எனவே வாங்குபவர் எங்களைப் பார்ப்பதில்லை. எங்களை யார் அழைத்து வந்தார் என்பதைத்தான் பார்க்கின்றார்.

வட்டம் கூடிய விதம்

எங்களுக்கு முதல் வேலையை வாங்கித் தந்தவர் ஊரிலுள்ள முதிய ஆடிட்டர் ஒருவர். நாங்கள் அவரை 'ஐயா' என்றே அழைப்போம். அவர் அலுவலகத்தில் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மாலையில் சிலர் கூடுவார்கள். ஒரு வழக்கறிஞர், ஒரு கிளியரிங் ஏஜெண்ட், பரிசோதனைக்கூடம் நடத்தும் ஒரு வேதியியலாளர், பாய்லரும் மின்சாரமும் அறிந்த ஒரு பொறியாளர், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர் எனத் துறைக்கு ஒருவராக இருந்தனர். சங்கம் என்று பெயரில்லை, சந்தாவும் இல்லை. ஒவ்வொருவரும் அம்மாதம் தாம் சந்தித்த ஒரு சிக்கலைக் கட்சிக்காரரின் பெயரைக் கூறாமல் எடுத்துச் சொல்வார்கள். மற்றவர்கள் தத்தம் துறையிலிருந்து கருத்துக் கூறுவார்கள். எங்களையும் வந்து உட்காருமாறு ஐயா சொன்னார்.

இம்முறை உலகத்திற்குப் புதியதன்று. 1905ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் மூன்று நண்பர்களுடன் கூடினார். ஒருவர் நிலக்கரி வணிகர், ஒருவர் சுரங்கப் பொறியாளர், ஒருவர் தையற்கலைஞர். ஒவ்வொருவர் அலுவலகத்திலும் மாறி மாறிச் சுழற்சி முறையில் கூடியதால் ரோட்டரி என்று பெயரிட்டனர். தொழிலுக்கு ஒருவர் என்பதே அவர்களது தொடக்ககால முறை. 1985இல் கலிபோர்னியாவில் இவான் மிஸ்னர் என்னும் வணிக ஆலோசகர், தமது முக்கியமான வாடிக்கையாளர் ஒருவரை இழந்து, நண்பர்களின் பரிந்துரையால் வேலை பெறும் நோக்குடன் ஒரு குழுவைக் கூட்டினார். அதுவே பின்னர் பி.என்.ஐ. என்னும் அமைப்பாகப் பல நாடுகளில் பரவிற்று. எங்கள் இரண்டாம் சனிக்கிழமை வட்டமும் இவ்வழியைச் சேர்ந்ததே.

உறவினரும் அறிமுகமானவரும்

இவ்விடத்தில் நமது சமுதாயத்தார் முன்னிலையில் ஒன்றை மனம் திறந்து சொல்ல விரும்புகின்றோம். தொழில் தொடங்கியவுடன் நாம் முதலில் நம் உறவினரையும் தெருக்காரரையும்தான் நாடுகின்றோம். அவர்கள் அன்பு செலுத்துவார்கள். அவசரத்திற்குக் கடனும் கொடுப்பார்கள். ஆனால் அவர்கள் அறிந்த செய்தியெல்லாம் பெரும்பாலும் நாமும் அறிந்த செய்தியே.

மார்க் கிரானோவெட்டர் என்னும் அமெரிக்கச் சமூகவியலாளர் 1973ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதனைக் கணக்கிட்டுக் காட்டியுள்ளார். பாஸ்டன் அருகே ஒரு புறநகரில், புதிதாக வேலை மாறிய தொழில்வல்லுநர்களையும் நிர்வாகிகளையும் அவர் விசாரித்தார். தெரிந்தவர் மூலமாக வேலை பெற்றவர்களுள், தாம் அடிக்கடி சந்திக்கும் ஒருவர் மூலம் பெற்றவர்கள் 16.7 சதவீதம் மட்டுமே. எப்போதாவது சந்திப்பவர் மூலம் பெற்றவர்கள் 55.6 சதவீதம், அரிதாகச் சந்திப்பவர் மூலம் பெற்றவர்கள் 27.8 சதவீதம். நெருங்கியவர் நம்முடைய உலகத்திலேயே இருக்கின்றார். சற்றுத் தள்ளி நிற்பவரோ வேறோர் உலகத்தின் செய்தியைக் கொண்டு வருகின்றார்.

எங்கள் அனுபவமும் அதுவே. எங்களுக்கு வேலை தந்தவர்களுள் பெரும்பாலோர் எங்கள் தெருவைச் சேர்ந்தவர்கள் அல்லர். நமது ஜமாஅத்தைச் சேர்ந்தவர்களும் அல்லர். ஐயா வேறு சமயத்தவர்; வேதியியலாளர் வேறு ஊர்க்காரர். ஆகவே இளைஞர்களே, நம்மவர் மட்டுமே கூடும் இடத்தில் வட்டத்தை முடித்துக்கொள்ளாதீர்கள்.

நாங்கள் தவறிய இடம்

இனி, நாங்கள் இடறிய கதைக்கு வருவோம்.

2016ஆம் ஆண்டின் கோடைக்காலம். ஐயாவின் பரிந்துரையால் தோல் கையுறை செய்யும் சிறு கூடம் ஒன்றின் வேலை எங்களுக்குக் கிடைத்தது. ஐரோப்பாவுக்குச் செல்லும் சரக்கு. பதனிட்ட தோலின் மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். குரோம் சிக்ஸ் வரம்புக்குள் இருப்பதாக அறிக்கை வந்தது. "சரக்கை அனுப்பலாம்" என்று எழுதிக் கையொப்பமிட்டோம்.

பதனிடுவதற்கு நாம் பயன்படுத்துவது மூன்றாம் இணைதிறன் கொண்ட குரோமிய உப்பு. அது ஆபத்தானதன்று. ஆனால் பதனிட்ட தோலில் சேர்க்கும் சிலவகை எண்ணெய்களாலும், காரத்தன்மை மிகுந்துவிடுவதாலும், வெப்பத்தாலும், வறண்ட காற்றாலும் அதன் ஒரு பகுதி பின்னர் ஆறாம் இணைதிறன் குரோமியமாக மாறக்கூடும். இன்று தேறிய தோல், கண்டெய்னரின் வெக்கையில் பல நாட்கள் கிடந்தபின் தேறாமற் போகலாம். இதனை முன்கூட்டி அறிவதற்காகவே, மாதிரியை 80 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 24 மணி நேரம் வைத்து, அதன் பின் பரிசோதிக்கும் முறை ஒன்று உண்டு. அம்முறையை நாங்கள் மேலோட்டமாக மட்டுமே கேள்விப்பட்டிருந்தோம். எங்கள் வட்டத்தின் வேதியியலாளரோ அதனை நாள்தோறும் செய்பவர். அவரைத் தொலைபேசியில் அழைத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நாங்கள் கேட்கவில்லை. கேட்டால் எங்களுக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்துவிடுமே என்ற கூச்சம்தான் காரணம். தோல் தொழில்நுட்பம் படித்தவர் என்று பலகையில் எழுதி மாட்டியிருந்தோம் அல்லவா?

வாங்குபவர் தம் நாட்டில் மறுபரிசோதனை செய்தார். அளவு வரம்பைத் தாண்டியிருந்தது. சரக்கு நிறுத்தப்பட்டது. கூடத்தின் உரிமையாளர் எங்களிடம் உரத்துப் பேசவில்லை. "நீங்கள் எழுதிக் கொடுத்ததை நம்பி அனுப்பினேன்" என்று மட்டும் சொன்னார். அந்த மாதம் அவர் தம் தொழிலாளர்களுக்குக் கூலியைப் பாதிதான் கொடுத்தார் என்பதைப் பின்னர் கேள்விப்பட்டோம். கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். மறுபரிசோதனைச் செலவையும் ஏற்றோம். ஆனால் அவருடைய இழப்பில் அது சிறு பகுதியே.

ஐயாவைப் பார்க்கச் சென்றோம். நெடுநேரம் அவர் பேசவில்லை. பிறகு சொன்னார்: "தம்பிகளா, தவறு யாருக்கும் வரும். ஆனால் நீங்கள் அங்கே உங்கள் பெயரில் போகவில்லை, என் பெயரில் போனீர்கள். நாற்பது வருடமாகச் சேர்த்த பெயர். எடுத்துக்கொண்டு போனதைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டாமா?"

நமது வீடுகளில் அமானிதம் என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஒருவர் நம்மை நம்பி ஒப்படைத்த பொருளை அப்படியே திருப்பித் தர வேண்டும் என்பதை அறிவோம். ஆனால் ஒருவர் நம்மை மற்றொருவரிடம் அறிமுகப்படுத்தும்போது, தம் பெயரையே நம்மிடம் ஒப்படைக்கின்றார் என்பது அன்றுவரை எங்களுக்கு உறைக்கவில்லை. பரிந்துரையை எங்களுக்குக் கிடைத்த வருமானமாக எண்ணியிருந்தோம். அது எங்களிடம் வைக்கப்பட்ட அமானிதம்.

அதன் பின் எட்டு மாதங்கள் ஐயா எவரையும் எங்களிடம் அனுப்பவில்லை. இரண்டாம் சனிக்கிழமைக்கு வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தலை குனிந்துகொண்டே சென்று வந்தோம். முதல் கூட்டத்திலேயே நடந்ததை முழுமையாக எடுத்துரைத்தோம். வேதியியலாளர், "ஒரு போன் போட்டிருந்தால் போதுமே!" என்றார். அவ்வார்த்தை இன்றும் காதில் ஒலிக்கின்றது. எட்டு மாதங்கள் கழித்து ஐயா ஒரு மிகச் சிறிய வேலையை அனுப்பினார். எங்கள் வாழ்வில் அவ்வளவு கவனமாகச் செய்த வேலை வேறில்லை.

அன்று முதல் கடைப்பிடிக்கும் நெறிகள்

முதலாவது: எங்களுக்குத் தெரியாத வேலையைத் தெரியாது என்று சொல்லி, தெரிந்தவரிடம் அனுப்பி வைக்கின்றோம். இதனால் வருமானம் குறையும் என்று அஞ்சினோம், நடந்தது வேறு. எந்த வேலையை யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதை அறிந்தவர்கள் என்ற நம்பிக்கை எங்கள் மீது ஏற்பட்டது. நாங்கள் அனுப்பியவர்களும் எங்களுக்கு ஆட்களை அனுப்பினர். வட்டம் என்பது வேலை கேட்கும் இடம் என்று எண்ணிச் சென்றோம். அறியாமையை வெட்கமின்றி ஒப்புக்கொள்ளும் இடம் என்பதே அதன் பெரும்பயன் எனக் கண்டோம்.

இரண்டாவது: அறிமுகம் செய்தவருக்கு மூன்று முறை தகவல் தருகின்றோம். சந்தித்தவுடன் ஒரு முறை. வேலை பாதியில் இருக்கும்போது ஒரு முறை. முடிந்தபின் ஒரு முறை. கட்சிக்காரரின் அந்தரங்கத்தை அதில் சொல்வதில்லை. வேலை தடங்கலின்றி நடக்கின்றது, அல்லது தாமதமாகின்றது என்று மட்டும் சொல்கின்றோம். கெட்ட செய்தி ஏதேனும் இருந்தால், அவர் அதை வேறொருவர் வாயிலாகக் கேட்கும் நிலை வரலாகாது.

மூன்றாவது: பரிந்துரைக்குத் தரகு கொடுப்பதுமில்லை, வாங்குவதுமில்லை. பட்டயக் கணக்காளர் தமது தொழிற்கட்டணத்தில் வெளியாருக்குப் பங்கோ தரகோ கொடுப்பதை 1949ஆம் ஆண்டுச் சட்டம் ஒழுங்கீனமாகக் கருதுகின்றது. நோயாளியை அனுப்புவதற்காக மருத்துவர்கள் தரகு கொடுப்பதையும் பெறுவதையும் 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறைகள் தடை செய்கின்றன. எங்களைப் போன்ற ஆலோசகர்களுக்கு அத்தகைய தடைச் சட்டம் இல்லை. இருப்பினும் காரணம் ஒன்றே. தரகு புகுந்த பின்னர், 'இவர் நல்லவர்' என்று சொல்லும் வார்த்தைக்கு விலை உண்டாகிவிடுகின்றது, மதிப்பு போய்விடுகின்றது.

நான்காவது: ஒருவர் வீட்டுச் செய்தி மற்றவர் வீட்டுக்குப் போகலாகாது. எதிரெதிர்த் தொழிற்சாலைகள் இரண்டும் எங்களிடம் வருவதுண்டு. ஒருவருடைய பக்குவமோ விலையோ எங்கள் வாயிலிருந்து மற்றவருக்குச் சென்றால், அன்றே கதவைப் பூட்டிவிட வேண்டியதுதான்.

கட்டணமும் எழுத்தும்

தெரிந்தவர் மூலமாக வந்த வேலை என்பதால் பலர் எழுத்தில் எதையும் வைத்துக்கொள்வதில்லை. "நமக்குள் என்ன எழுத்து?" என்பார்கள். நமக்குள் என்பதால்தான் எழுத்து வேண்டும். உறவு கெடுவது பெரும்பாலும் மறதியால்தான். ஒரே பக்கத்தில் கடிதம் எழுதுங்கள். என்ன செய்வோம், என்ன செய்ய மாட்டோம், எந்நாளில் முடிப்போம், கட்டணம் எவ்வளவு, எப்போது தர வேண்டும் என்னும் ஐந்தும் அதில் இருக்கட்டும். கையுறைக் கூடத்திற்கு அத்தகைய கடிதம் எழுதியிருந்தால், 'என்ன செய்ய மாட்டோம்' என்ற வரியை எழுதும்போதே எங்கள் அறியாமை எங்களுக்குப் புலப்பட்டிருக்கும்.

ஆலோசகர்களும் சேவைத் தொழிலாளரே என்பதால் உத்யம் பதிவு பெறலாம். 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள இப்பதிவுக்குக் கட்டணம் ஏதுமில்லை. 2006ஆம் ஆண்டுச் சிறுதொழில் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய தொகையை, ஒப்பந்தம் இருந்தால் அதில் குறித்த நாளுக்குள், எவ்வாறாயினும் 45 நாட்களுக்கு மிகாமல் தந்துவிட வேண்டும். ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாட்கள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி கொடுக்க நேரிடும் என்கின்றது சட்டம். வட்டி கேட்டு வழக்காடுங்கள் என்று நாங்கள் கூறவில்லை. கொடுக்க வேண்டியவருக்குக் கெடுவை நினைவூட்ட இச்சட்டமே போதுமானது. ஆண்டு வருவாய் 20 இலட்சம் ரூபாயைத் தாண்டினால் சேவைத் தொழிலுக்கு ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

ஜமாஅத்துக்கு ஒரு வேண்டுகோள்

இறுதியாக, நிர்வாகக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். நமது மஹல்லாவில் பொறியாளர்கள், கணக்கர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், கணினி வல்லுநர்கள் எத்தனை பேர் என்பது நமக்கே தெரியாது. வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதும் பெண்மக்களையும் நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர்கள் அனைவரது பெயரும் துறையும் கொண்ட பதிவேடு ஒன்று ஏற்படுத்துங்கள். மாதம் ஒருமுறை கூட ஓர் இடம் கொடுங்கள். பெண்மக்கள் கலந்துகொள்வதற்கு ஏற்ற வசதியும் செய்யுங்கள். அக்கூட்டத்தின் கதவை ஊரிலுள்ள எல்லாச் சமயத்து வல்லுநர்களுக்கும் திறந்து வையுங்கள். அங்கே விசிட்டிங் கார்டு பரிமாறுவதை முதல் வேலையாக வைக்க வேண்டாம். "இம்மாதம் எனக்குத் தெரியாமற் போனது இது" என்று ஒவ்வொருவரும் சொல்வதை முதல் வேலையாக வையுங்கள்.

ஐயா இன்று தொழிலிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய சனிக்கிழமைக் கூட்டம் இப்போது எங்கள் மாடி அறையில் நடைபெறுகின்றது. கையுறைக் கூடத்தின் உரிமையாளர் மூன்று ஆண்டுகள் கழித்துத் தம் சகோதரியின் மகனை எங்களிடம் வேலை கற்றுக்கொள்ள அனுப்பினார். அன்று அவர் சொன்ன சொல் ஒன்றுதான்: "தப்பை மறைக்காதவர்களிடம் பையனை விடலாம்."

அப்பிள்ளை இன்று எங்களுடன் பணியாற்றுகின்றார். மாதிரிகளை 24 மணி நேரம் வெப்பத்தில் வைத்துப் பரிசோதித்த அறிக்கையைச் சரிபார்ப்பது அவருடைய பொறுப்பு. அவருடைய கையொப்பம் இல்லாமல் நாங்கள் இருவரும் எந்த அறிக்கையிலும் கையொப்பமிடுவதில்லை.